இன்ஜின் வலுவைக் கூட்டினீர்கள், கிளட்ச் தாங்குமா என்று பார்க்கவில்லை

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
இன்ஜின் டியூனிங் பிரிவு.

மதிப்பிற்குரிய ஐயா,

சுங்கை சிப்புட்டில் செம்பனைக் குலை ஏற்றும் ஆறு சக்கர லோரி ஒன்று எனக்குச் சொந்தம். அதை ஓட்டுபவர் என் தாய்மாமன். பாரத்தோடு தோட்டத்து மேட்டில் ஏறும்போது இன்ஜின் திணறுகிறது என்றுதான் சென்ற மார்ச் மாதம் உங்கள் பட்டறைக்கு வந்தேன். டீசல் அளவையும் டர்போ அழுத்தத்தையும் கணினி வழியாகக் கூட்டி, முறுக்கு விசையை 510 நியூட்டன் மீட்டரிலிருந்து 640க்கு உயர்த்தித் தந்தீர்கள். அதற்கு 2,800 ரிங்கிட் செலுத்தினேன். ரசீதையும் நீங்கள் தந்த அளவுத் தாளையும் இணைத்திருக்கிறேன்.

பத்து நாள் கூட ஆகவில்லை, இன்ஜினின் விசையைச் சக்கரங்களுக்குக் கடத்தும் கிளட்ச் பிடிப்பில்லாமல் வழுக்கத் தொடங்கியது. ஐந்தாம் கியரில் நிமிடத்துக்கு 1,600 சுற்றில் போய்க்கொண்டிருக்கும்போது மிதித்தால் சுற்று முள் 2,300க்குத் தாவுகிறது. வேக முள்ளோ 45லேயே நிற்கிறது. கூடவே கருகல் நாற்றம். உங்களிடம் திரும்பக் கொண்டுவந்தபோது, சோதித்துப் பார்ப்பதற்காக ஒரு நாள் மட்டும் பழைய அமைப்பையே ஏற்றிக் கொடுத்தீர்கள். அன்று அதே மேட்டில், அதே பாரத்தோடு, மாமாவே ஓட்டினார். ஒரு முறை கூட வழுக்கவில்லை. காரணம் அங்கேயே வெளிப்பட்டுவிட்டது. ஆனால் மறுநாள் புதிய அமைப்பைத் திரும்ப ஏற்றிவிட்டு, "ஓட்டுநர் கிளட்ச் மீது காலை வைத்துக்கொண்டே ஓட்டுகிறார், அவரை மாற்றுங்கள்" என்று உங்கள் ஆள் சொன்னார். மாமாவை வைத்துக்கொண்டே சொன்னார்.

27 ஆண்டுகளாகத் தோட்ட லோரி ஓட்டுகிறவர் அவர். அன்று வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

மூன்று வாரம் கழித்து லோரி மேட்டின் பாதியிலேயே நின்றுவிட்டது. முதல் கியரில் போட்டாலும் இன்ஜின் மட்டும் உறுமியது, சக்கரம் நகரவில்லை. இழுவை வண்டி வர மாலையாகிவிட்டது. வெட்டிய குலை ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும், தாமதமாக ஆக எண்ணெயில் அமிலம் ஏறும் என்பது இந்த ஊரில் சிறுபிள்ளைக்கும் தெரியும். லோரியில் இருந்த குலை இரவெல்லாம் அங்கேயே கிடந்தது.

உள்ளூர்ப் பட்டறையில் கியர் பெட்டியை இறக்கியபோது நானும் பக்கத்தில் இருந்தேன். கிளட்ச் பிளேட் கண்ணாடி போல் பளபளத்தது. அந்தப் பிளேட் அழுந்தி நிற்கும், இன்ஜினோடு சுழலும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலில் சூட்டால் வந்த நீலத் திட்டுகள், வட்டமாக மயிரிழை விரிசல்கள். நகத்தால் இழுத்துப் பார்த்தேன், விரிசலில் நகம் தட்டியது. கடைந்து சரிசெய்ய முடியாது, புதிதுதான் போட வேண்டும் என்றார் மெக்கானிக். எண்ணெய்க் கசிவு எங்கும் இல்லை. கிளட்ச் பெடலின் விளையாட்டு அளவும், அதாவது மிதிக்கத் தொடங்கியதும் அது வெறுமனே இறங்கும் தூரமும், சரியாகவே இருந்தது. பெடலை மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கும் பேரிங்கை மெக்கானிக் கையால் சுழற்றினார், சத்தமே இல்லாமல் சுழன்றது. பெடல் மேல் எந்நேரமும் காலை வைத்திருப்பவரின் லோரியில் முதலில் தேய்வது அந்தப் பேரிங்தான். இது உங்கள் ஆளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஐயா, கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு அழுத்தும் பிரஷர் பிளேட் எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது, பிளேட்டின் உராய்வு எப்படி, அது எவ்வளவு அகலம் என்பதைப் பொறுத்துத்தான் ஒரு கிளட்ச் தாங்கும் விசை அமைகிறது. தொழிற்சாலையில் இன்ஜினின் விசையைவிடச் சற்றுக் கூடுதலாகத்தான் வைப்பார்கள். அந்த மிச்சத்தை, ஏற்கெனவே பாதி தேய்ந்த கிளட்சின் மேல், கால் பங்கு விசையைக் கூட்டி நீங்கள் விழுங்கிவிட்டீர்கள். டீசல் இன்ஜின் குறைந்த சுற்றிலேயே முழு விசையையும் தரும். ஆகவே பாரம் ஏற்றிய லோரி உயர்ந்த கியரில் போகும்போதுதான் கிளட்ச் தோற்கும். கணினியைத் தொடுவதற்கு முன் கிளட்ச் நிலையைச் சோதித்திருக்கலாம். குறைந்தபட்சம், "இதற்கு வலுவான கிளட்ச் வேண்டும், செலவு இவ்வளவு ஆகும்" என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் பார்த்துவிட்டு முடிவெடுத்திருப்பேன்.

கிளட்ச் செட் 1,900, ஃப்ளைவீல் 1,750, இழுவை 600 ரிங்கிட் ஆனது. பிளேட் பழையது என்பதால் கிளட்ச் செட்டின் விலையை நானே ஏற்கிறேன். மற்றவை உங்கள் வேலையால் வந்த சேதம். லோரியைப் பழைய அமைப்புக்கே மாற்றித் தந்துவிட்டு, டியூனிங் கட்டணம் 2,800, ஃப்ளைவீல் 1,750, இழுவை 600 என மொத்தம் 5,150 ரிங்கிட்டை 14 நாட்களுக்குள் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். நான்கு நாள் ஓட்டம் நின்ற வருமானத்தை இதில் சேர்க்கவில்லை.

இன்னொன்றும் வேண்டும். பழுதுக்கு ஓட்டுநர் காரணமில்லை என்று என் மாமாவின் பெயருக்கே ஒரு கடிதம் எழுதித் தாருங்கள். பணம் தாமதமானாலும் அந்தக் கடிதம் தாமதமாகக் கூடாது. பழைய பிளேட்டும் ஃப்ளைவீலும் பேரிங்கும் என் வீட்டில் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் ஆள் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
லோரி உரிமையாளர்,
சுங்கை சிப்புட், பேராக்.