ஞாயிறு நடைக்குத் துணை நின்றோருக்கு ஒரு நன்றி மடல்

மதுரை, டிசம்பர் 31, 2025

அன்புடையீர், வணக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளோடு மலையேறிப் பழைய கல்வெட்டுகளைப் படித்துப் பார்க்கும் நம் நடைக்குக் கைகொடுத்தவர்களுக்கு இம்மடல்.

அழகர்மலையில் கிடாரிப்பட்டிப் பக்கமுள்ள குகைத்தளத்தில், ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் சில பெயர்களை வெட்டி வைத்திருக்கிறார்கள். உப்பு வணிகன், கொழு (ஏர்முனை) வணிகன், அறுவை (துணி) வணிகன், மதிரைப் (மதுரைப்) பொன்கொல்லன் என்று ஒவ்வொரு பெயரோடும் அவரவர் தொழிலும் சேர்ந்தே நிற்கிறது. துறவியர் தங்கும் இடத்துக்குக் கைகொடுத்தவர்கள் அவர்கள். அச்சகத்தில் புரூஃப் திருத்திப் பிழைக்கும் எனக்கு, அதைவிடச் சிக்கனமான நன்றி மடல் இதுவரை கண்ணில் படவில்லை. உங்களில் பலர் பெயர் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டபடியால், தொழிலை மட்டும் சொல்லி நன்றி கூற இந்த ஆண்டு முடிவில் முற்படுகிறேன்.

முதல் நன்றி, ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஐயாவுக்கு. முழங்கால் வலியால் மலையேற முடியாத நிலையிலும், சனிக்கிழமை மாலைதோறும் தம் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளை உட்கார வைத்து, வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்துமுறையில் பகரமும் வகரமும் எங்கே பிரிகின்றன என்பதைச் சலிக்காமல் எழுதிக் காட்டியவர் அவர். அவர் கற்பித்தது எவ்வளவு பதிந்திருந்தது என்பதை, என் பிழை ஒன்றின் வழியாகவே நான் அறிய நேர்ந்தது.

கீழக்குயில்குடி சமணர் மலையில் பேச்சிப்பள்ளம் என்னும் இடத்தில், வரிசையாகச் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்களின் கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றுள் ஒன்று, ‘ஸ்ரீ அச்சணந்தி தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி’ என்கிறது. அச்சணந்தி ஒரு சமணத் துறவி. நடைக்கு வருவோருக்குக் கொடுக்கும் கைத்தாளில் அந்தக் கல்வெட்டை அச்சிட்டபோது ‘தாயார்’ என்ற சொல்லை விட்டுவிட்டேன். இரண்டு முறை புரூஃப் பார்த்தவனும் நான்தான். காலை வெயில் பாறையில் சாய்வாக விழுந்து எழுத்துகள் நிழல் கட்டி எழும்பிய நேரத்தில், ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி தாளையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “சார், கல்லுல தாயார்னு இருக்கு, நம்ம தாள்ல காணோமே” என்றாள். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பாறை காத்து வந்த ஒரு தாயை 300 தாள்களில் நான் காணாமல் போக்கியிருந்தேன். அந்த மாணவிக்கு நன்றி சொல்வதோடு, தாள் வீணானதற்கு ஒரு சொல்லும் சொல்லாமல் மறு அச்சுக்கு இரவில் எந்திரத்தை ஓட்டிக்கொள்ள விட்ட எங்கள் முதலாளிக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். (மையின் விலையை மட்டும் அவர் மறக்கவில்லை, அது நியாயந்தான்.)

மலையடிவாரத்தில் விடியுமுன் அடுப்பு மூட்டி எங்களுக்காகக் காத்திருந்த டீக்கடை அக்காவுக்கும், முள் மண்டிய பழைய தடத்தைக் காட்டித் தந்த ஆட்டுக்கார அண்ணனுக்கும், பிள்ளைகள் ஏறி முடிக்கும்வரை வேனை நிறுத்தி வைத்த ஓட்டுநருக்கும் நன்றி.

ஊக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அரிட்டாபட்டியையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் சொல்வேன். 2022-இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட அந்த மண் டங்ஸ்டன் சுரங்க ஏலத்துக்குள் வந்தபோது, வயல் வேலையை விட்டுவிட்டு மதுரை வரை நடந்து வந்த மக்கள், இந்த ஆண்டு ஜனவரியில் அந்த ஏலம் ரத்தாகும்வரை ஓயவில்லை. அதன் பிறகு நாங்கள் அங்கே போனபோது, குடைவரைச் சிவன் கோயிலையும் தமிழிக் கல்வெட்டையும் எங்களுக்கு விளக்கியவர்கள் அவ்வூர்க்காரர்களே. நான் கொண்டுபோன குறிப்புகளைப் பையிலிருந்து எடுக்கவே தேவைப்படவில்லை. அவர்களுக்கு நான் சொல்லும் நன்றி மிகச் சிறிது என்பதை அறிவேன்.

பொங்கல் கழிந்த முதல் ஞாயிறு, கிடாரிப்பட்டி வழியாக அழகர்மலை ஏறுகிறோம். தண்ணீர் கொண்டு வரவும். எழுத்தின் மேல் சாக்பீஸ் தேய்க்க யாருக்கும் அனுமதி இல்லை. கைத்தாளை இம்முறை அந்த மாணவியே புரூஃப் பார்க்கிறாள். பிழையான 300 தாள்களின் வெள்ளைப் பக்கம் மீந்திருக்கிறது. இம்மடலின் முதல் படியை அதில்தான் எழுதினேன்.

நன்றியுடன்,
உங்கள் அச்சகத்துக்காரன்