மூட்டையை எங்கள் கண்முன்னே பிரியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போகி நெருங்கினால் டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்தாதீர்கள், பழைய பொருள்களைத் தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுங்கள் என்று செய்திகள் வரத் தொடங்கிவிடும். அப்படிக் கொடுக்கப் போய் நான் பட்ட வெட்கத்தைச் சொல்லவே இக்கடிதம்.

நங்கநல்லூரில் முப்பத்தோரு ஆண்டுகள் குடியிருந்த எங்கள் அடுக்ககத்தை இடித்துக் கட்டப்போகிறார்கள். அதுவரை சின்னதாக ஒரு வாடகை வீடு. என் கணவர் காலமாகி ஒன்றரை ஆண்டு ஆகிறது. பரணில் இருந்ததையெல்லாம் இறக்கியபோது கூடத்தில் நடக்க வழியில்லை.

வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்ளும் தொண்டு அமைப்பு ஒன்றுக்குத் தொலைபேசியில் பேசினேன். “எல்லாம் எடுத்துக்கொள்வோம் அம்மா, மூட்டையாகக் கட்டி வையுங்கள்” என்றார்கள். ஏழு மூட்டை கட்டினேன். மூன்று முறை நாளை மாற்றி, ஒருநாள் இரவு எட்டரை மணிக்கு வந்தார்கள். ஃபிரிட்ஜையும் வாஷிங் மெஷினையும் இறக்கிக்கொண்டு, மூட்டைகளுக்கு வண்டியில் இடமில்லை என்று போய்விட்டார்கள். ரசீது கிடையாது. அந்தக் கதை அவ்வளவுதான்.

அடுத்த வாரம் வேறோர் அமைப்பிலிருந்து ஓர் இளைஞரும் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்ணும் வந்தார்கள். அந்தப் பெண் ஒரு பழைய போர்வையைக் கேட்டு வாங்கித் தரையில் விரித்தார். “உங்கள் முன்னாலேயே பிரித்துவிடுகிறோம் அம்மா, தப்பாக நினைக்காதீர்கள்” என்று முதல் மூட்டையின் முடிச்சை அவிழ்த்தார்.

காலர் நைந்த சட்டைகள். ஜோடி இல்லாத தலையணை உறை. என்னுடைய ரவிக்கைகள் இருபதுக்கும் மேல். “அளவெடுத்துத் தைத்ததை வேறு யார் போடுவார்கள் அம்மா?” என்று கேட்டபடியே அவற்றைத் தனியாக ஒதுக்கினார். பிறகு ஐந்தாறு பாவாடைகளை எடுத்தார். நல்ல துணிதான், கிழிசல் இல்லை. இடுப்புப் பட்டியை விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றிலும் நாடா இல்லை. துணி உலர்த்தும் கொடிக்கு, சாக்கு கட்ட என்று நானே உருவிக்கொண்டிருக்கிறேன். வாங்குகிறவர் அதைக் கட்டுவதற்கு முன் கடைக்குப் போய் நாடா வாங்க வேண்டும். பாத்திர மூட்டையில் கேஸ்கட்டும் வெயிட்டும் இல்லாத குக்கர். அவர் ஒன்றும் சொல்லவில்லை, மூடியைத் திருப்பிப் பார்த்துவிட்டு என் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

கடைசியில் இரண்டரை மூட்டைதான் தேறியது. அவர்கள் முகம் மலர்ந்தது நான் கொடுக்கத் தயங்கி அறை மூலையில் வைத்திருந்த ஒன்றைப் பார்த்துத்தான். என் கணவர் கடைசி எட்டு மாதம் பிடித்து நடந்த வாக்கர். இளைஞர் அதைத் தரையில் ஊன்றி, தன் உடல் எடையைப் போட்டு அழுத்திப் பார்த்தார். “ரப்பர் புஷ் மட்டும் மாற்றினால் போதும். இதைக் கேட்டு வாரம் நான்கு பேராவது வருகிறார்கள்” என்றார். கொடுத்துவிட்டேன்.

2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினம் பக்கம் பள்ளியிலிருந்து நிவாரணப் பொருள் எடுத்துச் சென்ற ஆசிரியைகளில் நானும் ஒருத்தி. சாலையோரங்களில் பழைய துணிகள் குவியல் குவியலாகக் கிடந்ததைக் கண்ணால் பார்த்தவள். உடுத்தத் துணி இல்லாத நிலையிலும் மீனவக் குடும்பங்கள் அவற்றைத் தொடவில்லை. டெல்லியில் 1999இல் தொடங்கப்பட்ட கூஞ்ச் அமைப்பு, அப்படி வீணாகிக் கிடந்த துணிகளைத் தரம் பிரித்துப் பயன்படுத்தும் வேலையில் இறங்கியது என்பதைப் பின்னாளில் படித்தேன். யாரோ கட்டிய மூட்டைகளை யாரோ உட்கார்ந்து பிரித்திருக்கிறார்கள். அன்று “இப்படியும் அனுப்புவார்களா” என்று வைதவள்தான் இருபது ஆண்டு கழித்து நாடா இல்லாத பாவாடையைக் கட்டி வைத்தேன்.

வீடு தேடி வரும் அமைப்புகளுக்கு என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. மூட்டையை அப்படியே தூக்கிக்கொண்டு போகாதீர்கள். எங்கள் கூடத்திலேயே, நாங்கள் பார்க்கப் பிரியுங்கள். வேண்டாததை எங்களிடமே விட்டுச் செல்லுங்கள். நேரம் ஆகும், சிலர் முகம் சுளிப்பார்கள் என்பது தெரியும். எதிர் வீட்டுக்காரர்கூட “சும்மா கொடுப்பதற்கும் பரீட்சையா?” என்று கேட்டார். பரீட்சைதான். முப்பது ஆண்டு விடைத்தாள் திருத்திய நானே அதில் தோற்றேன். ஆனால் மூடிய மூட்டையாகவே போயிருந்தால், பெரிய தருமம் செய்துவிட்டதாக இன்னும் நினைத்துக்கொண்டிருப்பேன். என் குப்பையைப் பிரிக்கிற கூலியும் அதைக் கொட்டுகிற செலவும் அவர்கள் தலையில் விழுந்திருக்கும்.

இடையில் ஒன்று. என் தம்பி மகன் 80ஜி ரசீது கேட்கச் சொன்னான். வருமான வரிச் சலுகை பணமாகக் கொடுத்தால்தான், பொருளுக்குக் கிடையாது என்று அந்தப் பெண்ணே விளக்கினார். எத்தனை வாக்கர், எத்தனை போர்வை என்று எழுதிய துண்டுச் சீட்டு மட்டும் தந்தார். எனக்கு அது போதும்.

ரவிக்கைகளைக் கரித்துணியாகக் கிழித்துவிட்டேன். ஒன்றுக்கும் ஆகாததை மாநகராட்சித் தூய்மைப் பணியாளரிடம் கொடுத்தாயிற்று. குக்கருக்குக் கேஸ்கட்டும் வெயிட்டும் வாங்கி, ஒருநாள் சோறு வைத்துப் பார்த்தேன். விசில் வருகிறது. பாவாடைகளுக்கு நாடா கோத்துக்கொண்டிருக்கிறேன். அவர்கள் வண்டி வரும் செவ்வாய்க்கிழமை மீண்டும் எங்கள் தெருப் பக்கம் வருமாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
நங்கநல்லூர், சென்னை.