எர்த் வயர் வழியாகப் போன இரும்பு

வார்விக் அருகே,
கிராண்ட் யூனியன் கால்வாய்.

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்திய படத்தில் உன் தலையில் ஒரு முடிகூட இல்லையே! இங்கேயும் தேய்மானம்தான். தலையில் அல்ல, படகில்.

போன மாதம் படகைக் கரையேற்றினோம். இருபத்தைந்து வயது தாண்டிவிட்டதால் சர்வே, அதாவது தகடுகளின் தேய்மானச் சோதனை, இல்லாமல் காப்பீடு கிடையாது என்றுவிட்டார்கள். ஏழடிகூட அகலமில்லாத இந்த இரும்புப் படகுக்கு அடித்தகடு 10 மி.மீ., பக்கத்தகடு 6, கூரை 4. சர்வேயர் சுத்தியலால் தட்டித் தட்டிப் பார்த்து, அல்ட்ராசோனிக் கருவியால் அளந்தார். அடித்தகட்டில் குறையில்லை. நீர்மட்டத்தை ஒட்டித்தான் பட்டாணி அளவில் குழிகள். ஒன்றில் மிஞ்சியிருந்தது 3.8. நாலுக்குக் கீழே போனால் காப்பீட்டுக்காரர்கள் பெரும்பாலும் தலையாட்ட மாட்டார்கள்.

காற்றும் தண்ணீரும் மாறி மாறிப் படும் இடம், கரையில் உரசித் தார் பெயரும் இடம், அங்கே துரு வருவது சகஜம்தான். ஆனால் நான் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை தவறாமல் தார் பூசுகிறவன். பிறகு எப்படி? இரும்புக்குப் பதிலாகத் தாங்கள் கரைவதற்கென்றே முன்னும் பின்னும் பற்றவைத்திருந்த மக்னீசியக் கட்டிகளைக் காட்டினார். மென்று துப்பிய கரும்புச் சக்கை தோற்றது. "கரையிலிருந்து வயர் இழுத்து, கரை மின்சாரத்தில் எத்தனை நாளாக இருக்கிறீர்கள்?" என்றார். மூன்று வருஷம்.

பள்ளி ஆய்வகத்தில் துத்தநாகத் தகட்டையும் தாமிரத் தகட்டையும் அமிலத்தில் வைத்து, வயரால் இணைத்து, முள் ஆடுவதைப் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? அதேதான். பிளக்கைச் செருகியதும் எர்த் வயர் என் படகையும் பக்கத்துப் படகுகளையும் இணைத்துவிடுகிறது. அமிலத்துக்குப் பதில் கால்வாய்த் தண்ணீர். பக்கத்துக்காரர் மக்னீசியம் தீர்ந்திருந்தால் அவர் படகுக்கும் சேர்த்து என்னுடையது கரையும். அதுவும் தீர்ந்தபின், அவருடைய வெண்கலப் புரொப்பல்லருக்காக என் இரும்பு கரையும். பாவம், அவருக்கும் இது தெரியாது. தினமும் காலையில் எனக்குக் கையசைப்பார்.

எர்த்தைப் பிடுங்கிவிடலாமே என்பாய். மின்கசிவு வந்தால் ஆளே போய்விடுவான். அதற்குத்தான் கால்வனிக் ஐசோலேட்டர்: உள்ளே சில டையோடுகள். ஒரு வோல்ட் அளவிலான இந்தத் திருட்டு மின்னோட்டத்தை மறிக்கும், உண்மையான கசிவு வந்தால் வழிவிடும். மூன்று வருஷம் முன்பே மாட்டியிருக்க வேண்டும்.

குழிகளை வெல்டிங்கால் நிரப்பியாயிற்று. மக்னீசியத்தின் காவல் சில அடிகளுக்கு மேல் எட்டாதாம், அதனால் நடுவிலும் இரண்டு கட்டி வைத்தேன். தார் பூச வந்த பையன் அவற்றின் மேலும் பிரஷ்ஷைக் கொண்டுபோனான், ஓடிப்போய்த் தடுத்தேன். பூசினால் அது வெறும் எடை. தாருக்குப் பதில் எப்பாக்ஸி பெயிண்ட்தான் நீடிக்கும் என்கிறார்கள், ஆனால் பழைய தாரையெல்லாம் மணல் பாய்ச்சி எடுக்க வேண்டும். பை தாங்காது.

நேற்று தரைப்பலகையைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் இரண்டு டம்ளர் தண்ணீர் நிற்கிறது. மழையா, குழாய் ஒழுகலா என்று தெரியவில்லை. துடைத்துவிட்டு நாளைக் காலை மறுபடி பார்க்க வேண்டும்.

மே மாதம் வருவதாகச் சொன்னாயே, டிக்கெட் போட்டாயா?

உன்,
சேகர்