ஞாயிறு தையல் சந்திப்பு: டப்ளின் பெண்களின் ஒட்டுத்துணி

தோழிகளே, வரும் ஞாயிறு மாலை 5 மணிக்குத் தையலோடு கொஞ்சம் வரலாறும் பேசுவோம்.

1916-இல் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக அயர்லாந்தில் நடந்த ஈஸ்டர் எழுச்சி அடக்கப்பட்டதும், தலைநகர் டப்ளினின் ரிச்மண்ட் படைமுகாமில் 77 பெண்களை அடைத்தார்கள். மருத்துவர் கேத்லீன் லின்னும் அதில் ஒருவர். நூற்றாண்டையொட்டி 77 பெண்கள் ஆளுக்கொரு துண்டு தைத்து, ஒரே பெரிய ஒட்டுத்துணியாகச் சேர்த்தார்கள். சிலை வைப்பதைவிட இது எவ்வளவோ மேல் என்பேன்.

அப்புறம், எலிசபெத் ஓஃபாரல். சரணடைவதற்காக வெள்ளைக்கொடியோடு போன செவிலி. எழுச்சியின் தலைவர் பியர்ஸ் சரணடையும் படத்தைத் தேடிப் பாருங்கள்: அவருக்குப் பின்னால் இவருடைய உடை விளிம்பும் காலணியும்தான் தெரியும்!

பழைய துணித் துண்டுகள் இருந்தால் எடுத்து வாருங்கள். வருகிறவர்கள் சனிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள், டீ போடக் கணக்கு வேண்டும்.