டியூக்கின் முகத்தில் ஒரு ஒத்திகை

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. மாப்பிள்ளைக்குக் கும்பகோணத்துக்கே மாற்றல் கிடைத்தது பெரிய நிம்மதி, உன் மகள் இனி வாராவாரம் பஸ்ஸில் அலைய வேண்டாம். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, எழுத ஒன்றும் இல்லை.

ஃப்ளோரன்ஸில் என்ன பார்த்தாய் என்று கேட்டிருந்தாய். ஊருக்கே டேவிட் சிலைதான் பெருமை, ஆனால் நான் அதிக நேரம் நின்றது பார்ஜெல்லோ மியூசியத்தில் இருக்கும் ஒரு மார்பளவு வெண்கலச் சிலைக்கு முன்னால். பென்வெனுட்டோ செல்லினி என்ற சிற்பி 1545-ல் ஆரம்பித்துச் செய்தது. சிலையில் இருப்பவர் மெடிசி குடும்பத்து முதலாம் கோசிமோ, ஃப்ளோரன்ஸின் டியூக். முந்தைய டியூக்கை 1537-ல் சொந்தக்காரனே கொன்றுவிட, பதினேழு வயதில் ஆட்சிக்கு வந்தவர். ரோமச் சக்கரவர்த்திபோல் கவசம், தோளில் வாயைப் பிளந்த ஒரு மிருக முகம், புருவம் நெரிந்து தலை ஒரு பக்கம் வெடுக்கென்று திரும்பியிருக்கிறது. அந்தக் காலத்தில் கண்கள் வெள்ளையாகப் பளிச்சிட்டனவாம். மனு கொடுக்க வந்தவன் பாதியிலேயே திரும்பிப் போயிருப்பான்.

ஆனால் எனக்குப் பிடித்த சமாசாரம் வேறு. செல்லினி அடிப்படையில் தட்டான். பிரான்சு மன்னரிடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியதும் டியூக் அவரிடம் கேட்டது, மெதூசா என்ற அரக்கியின் தலையை வெட்டிப் பிடித்து நிற்கும் கிரேக்கக் கதை வீரன் பெர்சியஸின் சிலை. அவ்வளவு பெரிய வார்ப்பு, மண்ணோ புதுசு. அதனால் உள்ளூர்க் களிமண் வார்ப்புக்குத் தாங்குமா என்று பார்க்கத்தான் இந்த மார்பளவுச் சிலையை முதலில் வார்த்தேன், வேறு நோக்கமே கிடையாது என்று தன் வாழ்க்கைக் கதையில் அவரே சொல்கிறார், அதுவும் முதுகுவலியோடு தட்டான் பட்டறையில் உட்கார்ந்து செய்தாராம். நாட்டை ஆளுகிறவன் முகம் இவருக்கு மண் பரிசோதனை! கொழுப்பு என்றால் இதுதான் கொழுப்பு. அந்தக் கதையில் பாதி பீற்றல் என்பதையும் சொல்லிவிட வேண்டும், இரண்டு மூன்று கொலைகளைக்கூடப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஆள்.

பெர்சியஸ் வார்த்த அன்று அவருக்குக் காய்ச்சல். எழுந்து வந்து பார்த்தால் உலோகம் உறைந்து கட்டியாகிக் கிடக்கிறது. ஓக் கட்டைகளைப் போட்டு நெருப்பை ஏற்றி, போதாமல் வீட்டிலிருந்த வெள்ளீயத் தட்டு, கிண்ணம் எல்லாவற்றையும், இருநூறு உருப்படி இருக்கும் என்கிறார், உள்ளே போட்ட பிறகுதான் ஓடியதாம். வெள்ளீயம் கூடினால் வெண்கலம் சீக்கிரம் இளகும், உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, டியூக் தலைக்கு என்ன ஆயிற்று? 1557-ல் எல்பா தீவுக்கு அனுப்பிவிட்டார்கள். கோசிமோ அங்கே புதிதாகக் கட்டிய போர்ட்டோஃபெராயோ கோட்டையில் வாசலுக்கு மேலே வைத்து, 1781 வரை உப்புக்காற்றில் விட்டுவிட்டார்கள். அரசனின் அடையாளம் எல்லைக் கோட்டைக்குப் போவது மரியாதைதானே என்று நீ சொல்வாய். எனக்கென்னவோ, இந்த மூஞ்சியைத் தினமும் பார்க்க அவருக்கே பிடிக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. அவருக்குச் செல்லினியின் ஜென்ம எதிரி பான்டினெல்லி செய்த சலவைக்கல் முகங்கள் இருந்தன, வழவழவென்று, யாரையும் முறைக்காமல். அதே 1557-ல்தான் செல்லினிக்கும் ஓரினச் சேர்க்கை வழக்கில் தண்டனை, சிறைக்குப் பதில் வீட்டுக்காவல்.

இன்னொன்று. அதே காலத்தில் செல்லினி பின்டோ ஆல்தோவிட்டி என்ற வங்கிக்காரருக்கும் ஒரு வெண்கலத் தலை செய்தார், இப்போது பாஸ்டனில் இருக்கிறது. நீண்ட தாடி, களைத்த முகம், மெல்லிய தொப்பி. மைக்கேலாஞ்சலோ அதைப் பார்த்துப் பாராட்டிவிட்டு, வெளிச்சம் சரியாக விழாத இடத்தில் வைத்திருக்கிறார்களே என்று குறைப்பட்டாராம். பின்டோ கோசிமோவுக்கு ஆகாத ஆள். பின்னால் அவர் சொத்தை டியூக் பறிமுதல் செய்தார். டியூக்குக்குக் கவசம் கொடுத்த கை, அவர் எதிரிக்கு மனுஷ முகம் கொடுத்திருக்கிறது. படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார், எது நல்ல சிலை என்று எழுது. என் ஓட்டு பின்டோவுக்கு.

அப்புறம் ஒரு உதவி. சுவாமிமலையில் மெழுகு வார்ப்பு என்றாலும் கெட்டியாகத்தானே வார்க்கிறார்கள். இத்தாலிக்காரர்கள் உள்ளே மண் கரு வைத்துப் பொள்ளலாக வார்த்தார்கள். பெரிய உருப்படிக்கு நம்மவர்கள் அப்படிச் செய்வதுண்டா என்று உனக்குத் தெரிந்த அந்த ஸ்தபதியிடம் கேட்டு வை. அடுத்த மாதம் அந்தப் பக்கம் வருகிறேன், வார்ப்பு இருக்கும் நாளாகச் சொன்னால் அதற்கேற்ற மாதிரி டிக்கெட் போட்டுவிடுவேன்.

அன்புடன்,
மூர்த்தி