வெட்டப்படாத மரங்களுக்காக ஒரு நன்றி மடல்

காட்டைக் காத்தவர்களுக்கும் இன்றும் காத்துக்கொண்டிருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

மரம் நட்டவருக்கு மாலை விழுகிறது, படம் வெளியாகிறது, சில இடங்களில் பெயர்ப்பலகைகூட வைக்கிறார்கள். வெட்டவிடாமல் தடுத்தவருக்கு இதெல்லாம் கிடைப்பதில்லை. தடுத்ததை எப்படிப் படம் எடுப்பது? நேற்று இருந்த காடு இன்றும் இருக்கிறது, அவ்வளவுதான். அதனால் இந்த மடலைத் தடுத்தவர்களுக்கு எழுதுகிறேன். நட்டவர்களுக்கு நன்றி சொல்ல ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். என்மேல் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

முதல் நன்றி இமயமலையின் ரேணி கிராமத்துப் பெண்களுக்கு. 1974 மார்ச் 26. நில இழப்பீடு தருகிறோம் என்று சொல்லி ஊர் ஆண்களைச் சமோலி நகருக்கு வரவழைத்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஒப்பந்தக்காரரின் ஆட்கள் மரம் வெட்ட வந்தார்கள். கௌரா தேவி ஊரில் இருந்த 27 பெண்களைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போய் வழிமறித்தார். மிரட்டினார்கள், வசை பாடினார்கள், பெண்கள் நகரவில்லை. இரவும் அங்கேயே காவல் இருந்தார்கள். அவர்களுக்குக் காடு ஏன் வேண்டும் என்று யாரும் வகுப்பெடுக்க வேண்டியிருக்கவில்லை. 1970இல் அலக்நந்தா ஆற்றில் பெருவெள்ளம் வந்ததை அந்த வட்டாரம் பார்த்திருந்தது. மரம் போன சரிவில் மண்ணைப் பிடித்துவைக்க வேர் இல்லை. பெய்கிற மழை ஊறாமல் மண்ணையும் அள்ளிக்கொண்டு ஆற்றுக்குப் போகும். பிறகு அரசு அமைத்த குழுவும் பெண்கள் சொன்னதுதான் சரி என்றது. அந்த நீர்ப்பிடிப்புப் பகுதியில் பத்தாண்டுகளுக்கு வணிகத்துக்காக மரம் வெட்டுவது நிறுத்தப்பட்டது.

அடுத்து, கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கை (சைலன்ட் வேலி) காத்தவர்களுக்கு. குந்திப்புழா ஆற்றின் குறுக்கே நீர்மின் அணை கட்டியிருந்தால் சிங்கவால் குரங்குகள் வாழும் அந்த மழைக்காட்டின் நடுப்பகுதி தண்ணீருக்குள் போயிருக்கும். அங்கே போராடியவர்களில் கவிஞர்கள் இருந்தார்கள், பள்ளி ஆசிரியர்கள் இருந்தார்கள். எனக்கு மிகவும் பிடித்தது மக்களிடம் அறிவியலைக் கொண்டுசெல்லும் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற அமைப்பு செய்த வேலை. அவர்கள் உணர்ச்சியோடு நிறுத்திக்கொள்ளாமல், அந்த மின்திட்டத்தின் வரவு செலவையே எடுத்து அலசி அறிக்கையாக வெளியிட்டார்கள். கடைசியில் திட்டம் கைவிடப்பட்டது. 1984இல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. எடுத்த முடிவை மாற்றிக்கொண்ட ஆட்சியாளர்களுக்கும் சேர்த்தே நன்றி. பின்வாங்குவது அரசியலில் லேசான காரியம் கிடையாது.

பிரேசிலின் சிக்கோ மெண்டிஸுக்கு நன்றி சொல்லும்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் அவர் கொடுத்தது உயிர். ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி. மேய்ச்சல் நிலத்துக்காகக் காட்டை அழிக்க வந்தவர்களின் முன்னால் குடும்பம் குடும்பமாகப் போய் நின்று வேலையை நிறுத்தியவர்களுக்குத் தலைவர். 1988 டிசம்பர் 22 அன்று தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். காட்டைப் பூட்டிவைக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை. அங்கே வாழ்பவர்கள் மரத்தை வெட்டாமல் பாலும் கொட்டைகளும் எடுத்துப் பிழைக்கட்டும், அந்த உரிமையைச் சட்டம் காக்கட்டும் என்றார். 1990இல் அவர் பெயரிலேயே அப்படியொரு காப்பகம் ஆக்ரி மாநிலத்தில் அமைந்தது. இந்தக் கதை பழையது என்று நினைக்க வேண்டாம். 2023இல் மட்டும் நிலத்தையும் சுற்றுச்சூழலையும் காக்க நின்ற 196 பேர் உலகெங்கும் கொல்லப்பட்டதாக குளோபல் விட்னஸ் அமைப்பு பதிவுசெய்திருக்கிறது. அவர்களுக்கு எழுத வேண்டிய மடல் இதைவிட நீளமானது.

அப்புறம், அறையில் உட்கார்ந்து காடு காத்தவர்கள். இவர்களை யாரும் நினைப்பதே இல்லை. 1970களில் எனியாஸ் சலாட்டி என்ற பிரேசில் விஞ்ஞானி மழைநீரின் ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு வகைகளை) அளந்து, அமேசான் தன் மழையில் ஏறக்குறையப் பாதியைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது என்று காட்டினார். கடலிலிருந்து வரும் ஈரம் மழையாக இறங்குகிறது, மரங்கள் அதை உறிஞ்சி இலை வழியாக மறுபடியும் காற்றுக்கு விடுகின்றன, அது இன்னும் உள்ளே போய் மறுபடியும் பெய்கிறது. வழியில் இருக்கும் காட்டை வெட்டினால் அதற்கு அப்பால் இருப்பவரின் மழை குறையும். கரியமில வாயுவைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம்; என்னைக் கேட்டால், விவசாயிக்குப் புரிகிற முதல் காரணம் இந்த மழைக் கணக்குதான்.

அதே நாட்டின் விண்வெளி ஆய்வு நிறுவனமான இன்பே 1988 முதல் அமேசானில் ஒவ்வோர் ஆண்டும் எவ்வளவு காடு போனது என்று செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கணக்கிட்டு வெளியிடுகிறது. 2004இல், வெட்டு நடந்துகொண்டிருக்கும்போதே எச்சரிக்கிற இன்னொரு ஏற்பாடும் வந்தது. படத்தைப் பார்த்து இடத்தைச் சொல்கிறவர்கள் ஒருபக்கம், அதை வைத்துக்கொண்டு கிளம்பிப் போய்ப் பிடிக்கிற களப் பணியாளர்கள் மறுபக்கம். 2004இல் 27,772 சதுர கிலோமீட்டர் அழிந்த அதே காட்டில் 2012இல் அழிந்தது 4,571. பாதுகாக்கப்பட்ட பகுதிகளும், பழங்குடியினருக்கு எல்லை வகுத்துத் தந்த நிலங்களும், காட்டை அழிப்பவருக்கு வங்கிக் கடன் கிடைக்காமல் செய்த கட்டுப்பாடுகளும் இதில் சேர்ந்து வேலை செய்தன. பிறகு பிடி தளர்ந்தது, 2021இல் 13,000ஐத் தாண்டியது. மறுபடி இறுக்கினார்கள், 2024இல் 6,300க்குக் கீழே வந்தது. காடழிப்பு தலைவிதி என்று சொல்கிறவர்களிடம் நான் காட்டுவது இந்த எண்களைத்தான். 2008இல் அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களை உலகுக்கு இலவசமாகத் திறந்துவிட முடிவெடுத்த அதிகாரிகளுக்கும் ஒரு வணக்கம். எந்த நாட்டுக் காட்டில் என்ன நடக்கிறது என்று இன்று யார் வேண்டுமானாலும் பார்க்க முடிவது அந்த முடிவால்தான்.

கோஸ்டா ரிகாவில் பெட்ரோலுக்குக் கூடுதல் வரி கட்டியவர்களே, உங்களையும் மறக்கவில்லை. 1996ஆம் ஆண்டின் வனச் சட்டப்படி அந்த வரியின் ஒரு பகுதி, தன் நிலத்தில் காட்டை வைத்திருக்கும் உரிமையாளருக்குப் போனது. 1980களில் வெகுவாகச் சுருங்கியிருந்த காடு இன்று நாட்டின் பாதிக்கு மேல் பரவியிருக்கிறது. அதில் பெரும்பகுதி தானாக முளைத்தது. அடிக்கட்டை, பறவை போட்ட விதை, மண்ணில் கிடந்த விதை எல்லாம் இருந்தால் காட்டுக்கு நம் குழியும் வாளியும் அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. ஒரே இன மரத்தை வரிசையாக நட்டுவிட்டுக் காடு என்று பெயர் வைப்பதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. இயற்கையாகவே மரமில்லாத பழைய புல்வெளியில் நடுவது அதைவிட மோசம்.

சரி, சாதாரண ஆட்கள் என்ன செய்தார்கள்? நிறையவே. உலகக் காடழிப்பில் ஏறக்குறைய 90 சதவீதம் விளைநிலத்துக்காகவும் மேய்ச்சலுக்காகவும் நடக்கிறது என்கிறது ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை நிறுவனம். அப்படியானால் தட்டில் என்ன விழுகிறது என்பது காட்டுக்குத் தெரியும். புதிதாக அழித்த அமேசான் நிலத்தில் விளைந்த சோயாவை வாங்குவதில்லை என்று 2006இல் வணிக நிறுவனங்கள் ஒப்புக்கொண்டது வாங்குபவர்கள் கேள்வி கேட்டதால். மாட்டிறைச்சியைக் குறைத்துக்கொண்டவர்கள், மரச்சாமான் வாங்கும்போது மரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டுக் கடைக்காரரைச் சங்கடப்படுத்தியவர்கள், உங்கள் எல்லோருக்கும் நன்றி. பாமாயிலை அடியோடு ஒதுக்கியவர்களிடம் மட்டும் ஒரு வார்த்தை: மற்ற எண்ணெய் வித்துகள் அதே அளவு எண்ணெய் தர இன்னும் பல மடங்கு நிலம் கேட்கும். காட்டை அழிக்காமல் விளைந்ததா என்று கேட்டு வாங்குவதே அதிகப் பயன் தரும். காகிதத்தின் இரு பக்கமும் எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் சேமிப்புப் பணத்தை வங்கி எந்தத் தோட்டத்துக்குக் கடன் கொடுக்கிறது என்று கேட்பது அதைவிடப் பெரிய வேலை.

2024இல் வெப்பமண்டலத்தின் முதிர்ந்த காடு 67 லட்சம் ஹெக்டேர் அழிந்தது. அதில் ஏறக்குறையப் பாதி தீயால். ஆகவே கோடை வருமுன் தீத்தடுப்புக் கோடு வெட்டுகிறவர்களுக்கும், பச்சைக் கிளையை ஒடித்துத் தரைத்தீயை அடித்து அணைக்கிறவர்களுக்கும் தனியாக ஒரு கும்பிடு. இவர்களில் பலர் தற்காலிக ஊழியர்கள். கும்பிடோடு நிரந்தர வேலையும் நல்ல காலணியும் கிடைத்தால் இன்னும் பொருத்தமாக இருக்கும்.

கடைசியாக, இனிமேல் உதவப்போகிறவருக்கு. உங்கள் பக்கத்துக் காட்டின் வழியே சாலையோ சுரங்கமோ வருகிறது என்று கருத்துக் கேட்புக் கூட்ட அறிவிப்பு ஒருநாள் வரலாம். சின்ன எழுத்தில், ஒரு மூலையில் இருக்கும். திட்ட அறிக்கையை வாங்கிப் படியுங்கள், கூட்டத்துக்குப் போங்கள், ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது பதிவேட்டில் நிற்காது. உங்களுக்கான நன்றியை இப்போதே சொல்லிவைக்கிறேன்.

அன்புடன்,
உங்களுக்குக் கடன்பட்ட பலரில் ஒருவன்