அப்பாவின் கையை விடாத தம்பி

ஆசிரியருக்கு வணக்கம்.

போன மாதம் அப்பாவை ஏற்காட்டிலிருந்து 108 ஆம்புலன்ஸில் சேலத்துக்குக் கொண்டு வந்தோம். 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வழியிலேயே அவருக்கு நினைவு தப்பத் தொடங்கியது. ஆக்சிஜன் வைத்த மருத்துவ உதவியாளர் தம்பி, அப்பாவின் கையை விடவே இல்லை. "ஐயா, பையன் பக்கத்துலயே இருக்காரு" என்று காதருகே சொல்லிக்கொண்டே வந்தார். அப்புறம் என்னிடம், "உங்க சாமி பேரைச் சொல்லுங்கண்ணா, காதுல விழும்" என்றார். முருகா, முருகா என்றேன். அப்பாவின் விரல் லேசாக அசைந்தது. அடிவாரம் வருமுன் உயிர் பிரிந்துவிட்டது.

இப்படிப் பேசவும் ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்குப் பயிற்சியில் கட்டாயம் கற்றுத்தர வேண்டும். அந்தத் தம்பி உடனே அடுத்த அழைப்புக்குக் கிளம்பிவிட்டார். அவர் மனபாரத்தை இறக்கிவைக்க ஓர் ஆலோசகரையும் அரசு நியமிக்கட்டும்.

– வாசகர், ஏற்காடு